வெளியே வந்த மந்திரியும் வீணாகும் நகர்வும்

சதுரங்க ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளைத் தொடக்கம் என்பர். பின்வரிசையில் அடைபட்டுக் கிடக்கும் குதிரை, மந்திரி முதலிய காய்களை அவை வேலை செய்யக்கூடிய கட்டங்களுக்கு அழைத்துவருவதே அப்பகுதியின் தலையாய பணி. பயிற்சியாளர்கள் டெவலப்மென்ட் என்று வழங்கும் இதனை இந்நூல் காய்களை வெளிக்கொணர்தல் என்று குறிக்கிறது. இப்பணியில் ஒவ்வொரு நகர்வும் ஒரு செலவு ஆகும். அந்த ஒரு நகர்வின் மதிப்புக்கு டெம்போ என்று பெயர். கடிகாரத்தில் ஓடும் நிமிடங்களுக்கும் டெம்போவுக்கும் தொடர்பில்லை. ஒரு மணி நேரம் சிந்தித்து ஆடினாலும் கண்ணிமைக்கும் பொழுதில் ஆடினாலும் செலவாவது ஒரே டெம்போதான். காயை வெளியே கொண்டுவர வேண்டும் என்னும் பாடம் எல்லாத் தொடக்க நூல்களிலும் இருக்கிறது. ஆனால் வெளியே வந்த காய் அங்கே நிலைக்குமா, அடுத்த நகர்விலேயே விரட்டப்படுமா என்ற கேள்வியை அப்பாடத்தோடு சேர்த்துக் கற்பிப்போர் குறைவு. பார்வைக்கு நல்ல நகர்வாகத் தோன்றி, உண்மையில் டெம்போவை எதிராளியின் கையில் கொடுத்துவிடும் நகர்வுகளே இவ்வத்தியாயத்தின் பொருள்.

காய்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் அதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மூலைவிட்டமாகச் செல்லும் காயை இந்நூல் மந்திரி என்கிறது. போட்டிக்குச் செல்லும் பிள்ளைகள் அதையே பிஷப் என்பர். மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்வது யானை. குதிரைக்கு விளக்கம் தேவையில்லை. கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போய்வந்து வளர்ந்த பிள்ளைக்கு அது பலகைக்கு முன்பே பழக்கமான உருவம்; அக்கோயில் இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே மாமல்லபுரத்தில் 2022-ல் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் சின்னமான ‘தம்பி’யும் வேட்டி சட்டை அணிந்த குதிரைதான். வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கப்படும். ‘மந்திரி சி4’ என்றால் மந்திரி அக்கட்டத்துக்குச் செல்கிறது என்றும், காயின் பெயரின்றி ‘இ4’ என்று மட்டும் இருந்தால் நகர்வது சிப்பாய் என்றும் கொள்ள வேண்டும். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளிகள் வந்தால் அது கறுப்பின் நகர்வு.

நிற்பதை எண்ணுதல்

டெம்போவை அளக்க எளிய வழி, ஆடப்பட்ட நகர்வுகளை விட்டுவிட்டுப் பலகையில் நிற்கும் நகர்வுகளை எண்ணுவதே. ஒரு காய் தன் தொடக்க இடத்திலிருந்து இப்போது நிற்கும் கட்டத்துக்கு நேரே வரக் குறைந்தது எத்தனை நகர்வு வேண்டுமோ அத்தனையே அதன் வரவு. இரண்டு தடவை நகர்ந்து, ஒரே தடவையில் எட்டக்கூடிய கட்டத்தில் நிற்கும் மந்திரிக்கு வரவு ஒன்றுதான். வெட்டுப்பட்டுப் பலகையை விட்டு நீங்கிய காய்க்கு வரவே கிடையாது. சிப்பாயைப் பொறுத்தவரை அது எந்த நெடுவரிசையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தது என்று பாராமல், அது நிற்கும் நெடுவரிசையின் சொந்தச் சிப்பாய் அக்கட்டத்தை அடைய எத்தனை நகர்வு ஆகுமோ அதையே எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் ஆடுவது வெள்ளை என்பதால், கறுப்பு ஆட வேண்டிய வேளையில் வெள்ளையின் வரவு ஒன்று கூடுதலாக இருப்பதும், வெள்ளை ஆட வேண்டிய வேளையில் இரு வரவும் சமமாக இருப்பதும் இயல்பான நிலை. இதிலிருந்து விலகும் அளவே ஒருவர் இழந்த அல்லது ஈட்டிய டெம்போ ஆகும். இக்கணக்கு ஆட்டத்தின் முழு உண்மையையும் சொல்லிவிடாது என்பது இவ்வத்தியாயத்தின் பிற்பகுதியில் தெரியவரும். எனினும் தொடங்குபவரின் கையில் இதைவிடப் பயனுள்ள அளவுகோல் இல்லை.

மிகப் பரவலான சறுக்கலிலிருந்து தொடங்கலாம். வெள்ளை இ4 ஆட, கறுப்பு சி5 என்று பதில் கொடுத்தால் அது சிசிலியன் தற்காப்பு. கறுப்பின் எஃப்7 கட்டத்தை ராஜாவைத் தவிர வேறெந்தக் காயும் காப்பதில்லை என்று கற்றுக்கொண்ட பிள்ளை, அதைக் குறிவைத்து உடனே 2. மந்திரி சி4 என்று ஆடுவது வழக்கம். காய் வெளியே வந்துவிட்டது, இலக்கும் இருக்கிறது, கோட்டை கட்டவும் வழி பிறந்துவிட்டது. பார்ப்பவர் எவரும் இதைக் குறை சொல்லத் தயங்குவர். கறுப்பு 2...இ6 என்று ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறது. அந்த நொடியில் மந்திரியின் பார்வை எஃப்7-ஐ எட்டாமல் இ6-இல் முட்டி நின்றுவிடுவதோடு, டி5 என்னும் அடுத்த தள்ளலுக்கும் ஆயத்தம் முடிந்துவிடுகிறது. 3. குதிரை எஃப்3 டி5 4. இ4 சிப்பாய் டி5-ஐ வெட்ட, இ6 சிப்பாய் திரும்ப வெட்டுகிறது. டி5-இல் நிற்கும் சிப்பாய் இப்போது மந்திரியைத் தாக்குகிறது. 5. மந்திரி இ2 என்று பின்வாங்கினால் கணக்கு இவ்வாறு அமையும்: வெள்ளைக்கு எஃப்3 குதிரையும் இ2 மந்திரியுமாக வரவு இரண்டு; கறுப்புக்கு சி5, டி5 சிப்பாய்களாக வரவு இரண்டு; ஆட வேண்டியது கறுப்பு. ஒன்று கூடுதலாக இருந்திருக்க வேண்டிய வெள்ளை சமநிலைக்கு வந்துவிட்டது. அதாவது முதலில் ஆடும் உரிமையை வெள்ளை தன் கையாலேயே கறுப்புக்குக் கொடுத்து, தான் இரண்டாவதாக ஆடுபவரின் இடத்துக்குப் போய்விட்டது.

பின்வாங்க மனமில்லாதவர் 5. மந்திரி பி5 என்று ராஜாவுக்குச் செக் வைப்பார். செக் வைத்தால் டெம்போ திரும்பக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை சிறுவர்களிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. கறுப்பு 5...மந்திரி டி7 என்று குறுக்கே நிற்க, வெள்ளை அதை வெட்டி, கறுப்பு ராணியால் திரும்ப வெட்டியபின் எண்ணினால், வெள்ளைக்கு எஃப்3 குதிரை என்னும் ஒரே வரவும், கறுப்புக்கு இரு சிப்பாய்களும் டி7 ராணியுமாக மூன்று வரவும் தேறும். ஆட வேண்டியது வெள்ளை என்பதால் சமமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு டெம்போ போய்விட்டன. மூன்று தடவை நகர்ந்த மந்திரியை ஒரே தடவை நகர்ந்த மந்திரிக்கு மாற்றிக்கொண்டதன் விலை அது. செக் வைத்தபின் கறுப்பு குதிரையை சி6-இல் நிறுத்தினால் இழப்பு ஒன்றோடு நிற்கும். ஆகவே செக்கை எப்படிச் சந்திப்பது என்பது கறுப்புக்கும் ஒரு பாடமே.

வேளை வரும் முன் வெளியே வருவது நட்டம் என்பது மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவருக்குப் புதிய செய்தி அன்று. உப்புநீர் சுமார் 25 பாமே அளவுக்குக் கரிப்பேறும் முன்பே அதைக் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிட்டால், முதலில் படிய வேண்டிய ஜிப்சம் அங்கே உப்போடு கலந்து படிந்துவிடும். பாத்தி சீக்கிரம் நிறைந்ததைக் கண்டு மகிழ முடியாது.

அதே கட்டம், வேறு ஆட்டம்

சி4 கட்டம் மந்திரிக்கு ஆகாத இடம் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறாகும். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 என்று செல்லும் இத்தாலியன் தொடக்கம் பல நூற்றாண்டுகளாக ஆடப்படுகிறது. இன்றைய உலகத் தரப் போட்டிகளிலும் அது நாள்தோறும் பலகைக்கு வருகிறது. வேறுபாடு கறுப்பின் இ சிப்பாயில் இருக்கிறது. இத்தாலியனில் அது ஏற்கெனவே இ5-க்குச் சென்றுவிட்டதால், இனி இ6-இல் நின்று மந்திரியின் வழியை அடைக்கவும் முடியாது, டி5 தள்ளலைத் தாங்கிப்பிடிக்கவும் முடியாது. சிப்பாய் பின்னோக்கி நகராது என்னும் முதல் நாள் விதியின் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. எதிராளியின் சிப்பாய்கள் தங்கள் இடத்தை அறிவித்துவிட்ட பிறகு மந்திரி வெளியே வருவதற்கும், அவை இன்னும் எல்லா வழிகளையும் கையில் வைத்திருக்கும்போதே வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. குதிரைகளை முதலிலும் மந்திரிகளைப் பிறகும் எடுக்க வேண்டும் என்று பழைய ஆசான்கள் சொன்னதற்கும் காரணம் இதுவே: குதிரைக்கு நல்ல கட்டங்கள் ஒன்றோ இரண்டோதான், அவை முன்கூட்டியே தெரியும், மந்திரிக்கோ பல கட்டங்கள் உண்டு, எது நல்லது என்பது எதிராளி ஆடிய பிறகே தெரியும்.

விரட்டும் சிப்பாயின் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரூய் லோபஸ் தொடக்கத்தில் வெள்ளை மந்திரி பி5-க்கு வந்து, ஏ6 தள்ளலால் ஏ4-க்கும், பி5 தள்ளலால் பி3-க்கும் விரட்டப்படுகிறது. மூன்று நகர்வு செலவழித்தும் எவரும் இதைப் பிழை என்பதில்லை. ஏனெனில் கறுப்பு தள்ளிய ஓரச் சிப்பாய்களால் அதன் காய் எதுவும் வெளியே வந்துவிடவில்லை, ராணிப்பக்கத்தில் தாக்குவதற்கு ஒரு பற்றுக்கோடும் உண்டாகிவிடுகிறது. சிசிலியனில் விரட்டிய டி5 தள்ளலோ நடுப்பலகையைப் பிடிப்பதோடு சி8 மந்திரிக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. எதிராளி எப்படியும் ஆட விரும்பிய நகர்வே தன் காயையும் விரட்டுமானால் அதைவிடப் பெரிய நட்டம் தொடக்கத்தில் வேறில்லை.

ஜி4-க்கு ஓடும் மந்திரி

கறுப்பு ஆடும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வெளிக்கொணர்தல், எஃப்3 குதிரையின் மேல் மந்திரியை ஜி4-இல் நிறுத்துவது. அக்குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி வெட்டுப்படும் என்பதால் குதிரை கட்டுண்டு கிடக்கும்; இதனைப் பின் என்பர், தமிழில் கட்டு என்று சொல்லலாம். கட்டு உண்மையாகவே இறுகினால் நல்லது. இறுகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1858-ல் பாரிஸ் இசைநாடக அரங்கில் பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தைவிடத் தெளிவான சான்று இன்றுவரை இல்லை. இ4 இ5, குதிரை எஃப்3 டி6, டி4 என்று வந்தபின் எதிர்த்தரப்பு 3...மந்திரி ஜி4 ஆடியது. மார்ஃபி 4. டி4 சிப்பாயால் இ5-ஐ வெட்டினார். இப்போது டி6 சிப்பாய் திரும்ப வெட்டினால், வெள்ளை டி8-இல் ராணிகளை மாற்றிக்கொண்டு கட்டை அவிழ்த்து, குதிரையால் இ5 சிப்பாயை இலவசமாகப் பெறும்; ஆகவே கறுப்பு முதலில் மந்திரியைக் குதிரைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளை ராணி எஃப்3-இல் வெட்டி, டி6 சிப்பாய் இ5-இல் வெட்டி, 6. மந்திரி சி4 வந்தபோது வெள்ளையின் வரவு மூன்று, கறுப்பின் வரவு ஒன்று. பதினேழாவது நகர்வில் ஆட்டம் செக்மேட்டில் முடிந்தது.

மார்ஃபியின் எதிராளிகள் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இதே மந்திரி உலகப் பட்டப் போட்டியிலும் தலைகாட்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னையின் டி. குகேஷும் சீனாவின் டிங் லிரனும் ஆடிய பதினோராவது ஆட்டம் அது; அதுவரை இருவரும் சமப் புள்ளியில் இருந்தனர். 1. குதிரை எஃப்3 டி5 2. சி4 டி4 3. பி4 சி5 4. இ3 குதிரை எஃப்6 5. ஏ3 என்று வந்தபின் டிங் 5...மந்திரி ஜி4 ஆடினார். நடுவில் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டபின் குகேஷ் 7. எச்3 என்று கேள்வி கேட்க, மந்திரி குதிரையை வெட்டி, ராணி எஃப்3-இல் திரும்ப வெட்டியது. இந்தச் சிறு மாற்றத்தை மட்டும் தனியே எண்ணினால், வெள்ளை குதிரைக்கு ஒன்று, எச்3-க்கு ஒன்று, ராணிக்கு ஒன்று என மூன்று செலவழித்து இரண்டைப் பலகையில் நிறுத்தியிருக்கிறது. கறுப்பு மந்திரிக்கு இரண்டு செலவழித்து ஒன்றையும் நிறுத்தவில்லை. ஒரு டெம்போ போயிற்று என்பதைவிட, வெள்ளைக் கட்டங்களில் செல்லும் மந்திரியே கறுப்பிடம் இல்லாமல் போனது பெரிய குறை என்பதே இந்நூலின் கருத்து. குகேஷ் ஜி3 தள்ளி மந்திரியை ஜி2-இல் நிறுத்தியபோது, பி7 வரை நீளும் மூலைவிட்டத்தில் அதற்கு நேர் எதிரி எவரும் இல்லை. பிற்பாடு யானைகள் பி வரிசையில் இரட்டித்து அதே பி7-ஐ நெருக்கின. 29-ஆவது நகர்வில் ராணி சி6 குதிரையை வெட்டியதும் டிங் ஆட்டத்தை விட்டார். அவ்வாட்டத்தை ஜி4 மந்திரி ஒன்றே தோற்கடித்தது என்று சொல்வது மிகையாகும், இடையில் வேறு பிழைகளும் உண்டு.

மேல்நிலை ஆட்டக்காரர்கள் இந்த ஒரு டெம்போவை எவ்வளவு மதிக்கின்றனர் என்பதற்கு ராணி கேம்பிட் மறுப்பு என்னும் தொடக்கம் சான்று. அதில் வெள்ளை மந்திரி டி3-க்கு வந்த மறுகணமே கறுப்பு டி5 சிப்பாயால் சி4-ஐ வெட்டும். மந்திரி மீண்டும் நகர்ந்து சி4-இல் வெட்ட வேண்டிவரும், ஒரே தடவையில் அடைந்திருக்கக்கூடிய கட்டத்துக்கு இரண்டு தடவை செலவாகும். ஆகவே வெள்ளை யானையை சி1-க்கு நகர்த்தியும் ராணியை சி2-க்கு நகர்த்தியும் மந்திரியை எடுக்காமலே காத்திருக்கும். கறுப்போ வெட்டாமல் காத்திருக்கும். 1927-ல் புவெனஸ் ஐரஸில் கப்பாபிளாங்காவும் அலெகைனும் ஆடிய 34 பட்ட ஆட்டங்களில் 32 இத்தொடக்கத்திலேயே அமைந்தன.

பீல் நகரின் ஆறு நகர்வுகள்

கணக்கு எங்கே கைவிடும் என்பதை அறிய 1988-ஆம் ஆண்டின் ஒரு ஆட்டத்துக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், பதினெட்டு வயதில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரப் போட்டியில் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆறே நகர்வில் தோற்றார். 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 என்பது பெட்ரோஃப் தற்காப்பு. வெள்ளைக் குதிரை இ5-ஐ வெட்ட, 3...டி6 அதை விரட்ட, குதிரை எஃப்3-க்குத் திரும்ப, கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டியது. 5. குதிரை சி3 என்று வெள்ளை அக்குதிரையைத் தாக்கியது. ஆனந்த் 5...மந்திரி எஃப்5 ஆடினார்.

இந்நகர்வின் கவர்ச்சி வெளிப்படை. தாக்குண்ட குதிரைக்குக் காவல் கிடைக்கிறது, அதே நகர்வில் ஒரு காயும் வெளியே வருகிறது. வரவை எண்ணிப் பார்த்தால் கவர்ச்சி இன்னும் கூடும்: இ4 குதிரைக்கு இரண்டு, டி6-க்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று எனக் கறுப்பிடம் நான்கு, வெள்ளையிடம் இரண்டு குதிரைகளின் இரண்டு மட்டும். முந்தைய ஆண்டில் டோனி மைல்ஸ், லாரி கிறிஸ்டியன்சன் இருவரும் ஆடிய ஆட்டத்தில் இதே நகர்வு வந்து, ஆட்டம் டிராவில் முடிந்து, அச்சிலும் ஏறியிருந்தது. அதையே ஆனந்த் பின்பற்றினார். அச்சில் வந்த நகர்வைச் சரிபாராமல் ஏற்பது கிராண்ட்மாஸ்டருக்கும் நேரும் என்பது தொடங்குபவருக்கு ஒருவகை ஆறுதல்.

சபாட்டா 6. ராணி இ2 ஆடினார். ஆனந்த் ஆட்டத்தை விட்டார். இ வரிசையில் ராணிக்கும் கறுப்பு ராஜாவுக்கும் இடையில் நிற்பது இ4 குதிரை மட்டுமே என்பதால் அது ஓர் அடியும் அசைய முடியாது. அசைந்தால் ராஜா செக்கில் நிற்கும். கறுப்பு 6...டி5 என்று மேலும் ஒரு காவல் வைத்தால், 7. டி3 என்று சிப்பாய் தாக்கும், அசைய முடியாத குதிரை போய்விடும். 6...ராணி இ7 என்று குறுக்கே நின்றால், 7. குதிரை டி5 அந்த ராணியையும் சி7-ஐயும் ஒருசேரத் தாக்கும். ராணி டி8-க்குத் திரும்பினால் மறுபடி டி3, இ6-க்குச் சென்றால் குதிரை சி7-இல் செக் வைத்து ராணியையே பிடித்துக்கொள்ளும். 6...மந்திரி இ7 கட்டை அவிழ்த்தாலும், குதிரையை இரண்டு காய்கள் தாக்க, ஒன்றே காக்கிறது. எந்தச் சிப்பாயும் எஃப்5 மந்திரியை விரட்டவில்லை, ஒரு டெம்போவும் வீணாகவில்லை. ஆனால் திறந்த இ வரிசையில் ராஜா நிற்கிறது என்பதை அந்நகர்வு கண்டுகொள்ளவில்லை. ஆதலால் வரவை எண்ணுவதற்கு முன் எதிராளியின் செக்குகளையும், வெட்டுகளையும், திறந்த வரிசையில் அவருடைய ராணி எங்கே போய் நிற்கக்கூடும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். அதன்பின் விரட்டக்கூடிய சிப்பாயைத் தேட வேண்டும். எண்ணிக்கை அதற்கும் பிறகே வரும்.

பள்ளியில் மாலை வேளையில் கற்பிக்கும் ஆசிரியர் இந்நிலையையே பயிற்சியாக வைக்கலாம். ஐந்தாவது நகர்வில் வெள்ளைக் குதிரை சி3-இல் நிற்கும் நிலையைப் பலகையில் அடுக்கி, எஃப்5-க்கு மந்திரியை எடுத்து, ராணி இ2-க்கு வந்தபின் கறுப்பு ஆடக்கூடிய நகர்வுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வெள்ளையின் பதிலைக் குறிக்கச் சொல்ல வேண்டும். விடையைக் காட்டிவிடக் கூடாது. அது முடிந்ததும் காய்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இன்று பெரும்பாலோர் ஆடும் 5...குதிரை சி3-ஐ வெட்டுதல், 6. டி2 சிப்பாய் திரும்ப வெட்டுதல் என்பதை ஆடச் செய்து வரவை எண்ணச் சொல்லலாம். மூன்று தடவை நகர்ந்த குதிரை வெறுமனே போய்விட்டதே என்று மாணவர் தயங்குவர். ஆனால் எண்ணிக்கை வெள்ளைக்கு எஃப்3 குதிரையும் சி3 சிப்பாயுமாக இரண்டு, கறுப்புக்கு டி6 ஒன்று, ஆட வேண்டியது கறுப்பு என்று காட்டும்.